இடி கேட்ட ஏப்ரல்

ஏப்ரல் பிறந்துவிட்டால் எங்கள் ஊர் கிள்ளானில் மத்தியானத்துக்கு மேல் யாரும் துணி காயப்போட மாட்டார்கள். காலையில் கண் கூசும் வெயில். பகல் சாப்பாட்டு நேரத்தில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு மலைப் பக்கம் கறுத்து, இடி தொடங்கிவிடும். வேறு தேசங்களில் கோடை என்று சொல்வது நமக்கு இந்த மாதிரிதான் வாய்த்திருக்கிறது. பாதி நாள் அடுப்பு, மீதி நாள் தண்ணீர்த் தொட்டி.

இந்த வருஷம் அப்படி ஒரு மத்தியானத்தில் கவிதா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற வானிலை நிலையத்தில் இப்போது இருக்கும் பெண். பழைய பதிவுகளையெல்லாம் கணினியில் ஏற்றும் வேலை அவளுக்கு.

"ஆன்டி, ஒரு ஏப்ரல்ல எல்லா நாளும் இடின்னு இருக்கு. ஒரு நாள்கூட விடல. கம்ப்யூட்டர் சந்தேகம்னு செவப்புக் கலர் காட்டுது. உங்க கையெழுத்துதான் நெறைய. நெசமா ஆன்டி?"

"நெசம்தாம்மா. அப்படியே ஏத்து. அதுல ஒரு நாளுக்குப் பெரிய விசாரணையே நடந்துச்சு."

"இடிக்கு விசாரணையா? எழுதி வைங்க ஆன்டி. இப்ப யாரும் வெளிய போய் நின்னு இடி கேக்கறதில்ல. மெஷின் கேக்குது, நாங்க பாக்கறோம்."

அவள் விளையாட்டாகச் சொன்னாளோ என்னவோ, எனக்கு எழுத வேண்டும் போலிருந்தது. நான் படித்தது பள்ளியோடு சரி, ஐந்தாம் படிவம் வரைதான். ஆனால் நடந்ததை நடந்தபடி எழுதுவதற்குத்தான் இத்தனை வருஷம் ஆண்டவர் எனக்குச் சம்பளம் கொடுத்தார்.

அப்பா ரயில்வேயில் இருந்தார். பிரிக்பீல்ட்ஸ் குவார்ட்டர்ஸில் வளர்ந்தேன். பள்ளியில் படிக்கும்போது காசம் என்கிற நெஞ்சு நோய் வந்து, நீண்ட நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து, தினமும் ஊசி போட்டுப் பிழைத்தேன். படிப்பு அதோடு தடுமாறிவிட்டது. அம்மா மாதாவுக்கு நேர்ந்துகொண்டதால்தான் நான் இன்று இருக்கிறேன் என்று நம்புகிறேன். பிறகு பேப்பரில் விளம்பரம் பார்த்து மனுப்போட்டு, வானிலைக் கவனிப்பாளர் வேலை கிடைத்தது. பயிற்சி எடுத்தேன், கல்யாணம் ஆயிற்று, பிள்ளைகள் பிறந்தார்கள், கிள்ளானுக்குக் குடிவந்தோம். இவையெல்லாம் எல்லோர் வீட்டிலும் நடப்பவைதான். சொல்ல வேண்டியது புவான் சல்மாவைப் பற்றி.

புவான் சல்மா எங்கள் நிலையத்துக்குத் தலைவராக வந்தபோது எனக்கு நாற்பது வயது நெருங்கியிருந்தது. புவான் என்றால் இங்கே அம்மையார் என்று மரியாதையாகக் கூப்பிடுவது. மெலிந்த உடம்பு. நடந்து வருவதே தெரியாது. குரலும் அப்படித்தான், மெல்லியது. கோபம் வந்தால் இன்னும் மெல்லியதாகிவிடும் என்று மற்றவர்கள் சொல்வார்கள். எனக்கு அது புரியாது, ஏனென்றால் அவர் பேசியதில் பாதி எனக்கு எட்டியதே இல்லை. அவர் பேசியது மலாயில்தான். நான் தமிழில் எழுதுகிறேன்.

வந்த முதல் வாரமே என்னோடு வெளியே வந்து புல்வெளியில் நின்றார். வெப்பமானிகள் இருக்கும் வெள்ளை மரப்பெட்டியின் கதவை நான் திறந்தேன்.

"முதல்ல எதப் படிப்பீங்க?"

"புள்ளிக்குப் பின்னால உள்ள எண்ண, புவான். அப்புறம்தான் முழு எண்."

"ஏன்?"

"நம்ம உடம்புச் சூட்டுக்குப் பாதரசம் ஏறிடும். சின்ன எண் முதல்ல மாறும்."

தலையசைத்தார். அவ்வளவுதான் பாராட்டு. பிறகு மழைமானியின் தண்ணீரை அளவுக் குழாயில் ஊற்றச் சொன்னார். நான் குழாயைக் கண் மட்டத்துக்குத் தூக்கினேன். அவர் முழங்கால் மடித்து, என் கண் எங்கே இருக்கிறதோ அங்கே தன் கண்ணை வைத்துப் பார்த்தார். நான் சொன்ன அளவு அவருக்கும் வந்ததும் எழுந்து, பாவாடையில் ஒட்டிய புல்லைத் தட்டிவிட்டுப் போனார்.

இடிக்கு அளவுக் குழாய் கிடையாது. காதுதான் கருவி. ஒரு நாளில் ஒரே ஒரு தடவை இடி காதில் விழுந்தாலும் அது இடி நாள். மின்னலை மட்டும் பார்த்தால் கணக்கில்லை. ஊரே மூழ்கும்படி மழை பெய்து இடி கேட்காவிட்டாலும் கணக்கில்லை. அதனால் வானம் கறுக்கும்போது அறையில் மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஜன்னலைத் திறந்து வைப்போம். முதல் இடியின் நேரத்தை எழுதுவோம், திசையையும் எழுதுவோம். கடைசி இடிக்குப் பிறகு பத்து நிமிஷம் காத்திருந்து, வேறு கேட்கவில்லையென்றால் முடிந்தது என்று எழுதுவோம். "பாத்தத கேட்டதா எழுதாதீங்க. கேட்டத விட்டுடாதீங்க." இது புவான் சல்மா அடிக்கடி சொல்வது.

அவருக்கும் எனக்கும் ஆரம்பத்தில் ஒத்துப்போகவில்லை. டெலிபோன் அடிக்கும், நான் எடுக்க மாட்டேன். பின்னாலிருந்து கூப்பிடுவார், நான் திரும்ப மாட்டேன். வேண்டுமென்றே செய்கிறேன் என்று அவர் நினைத்தார். மனிதர்கள் எல்லோரும் வரவர வாய்க்குள்ளேயே பேசுகிறார்கள் என்று நான் நினைத்தேன்.

"புஸ்பா, மூணு தடவ கூப்பிட்டேன்."

"மன்னிச்சிடுங்க புவான். விழல."

கருவிகளைப் பழுது பார்க்கும் முனியாண்டி அண்ணே பக்கத்தில் இருந்தால் சும்மா இருக்க மாட்டார். "அவங்களுக்கு மாதா நேர்ல வந்து கூப்பிட்டாத்தான் விழும் புவான். நாம எல்லாம் சில்லறை."

வீட்டிலும் இதே பாட்டுதான். என் வீட்டுக்காரர் சவரிமுத்து துறைமுகத்தில் லோரி ஓட்டினார். "நீ டிவிய வைக்கிற சத்தத்துல பக்கத்து வீட்டு அங்கிள் அவங்க டிவிய விக்கப் போறாராம்" என்பார்.

அப்போதுதான் அந்த ஏப்ரல் வந்தது. மாதம் பிறந்த அன்றே இடி. மறுநாளும் இடி. ஈஸ்டர் பூசைக்குப் பிறகு கோவில் வாசலில் போட்டிருந்த பந்தல் காற்றில் பறந்து பக்கத்துக் கடைக் கூரையில் விழுந்தது. சாலைகளில் தண்ணீர் முழங்கால் வரை நின்றது. நிலையத்துக்கு எதிரே இருந்த தென்னை மரம் மின்னல் விழுந்து கருகிப்போனது. மாதம் பாதியைத் தாண்டியதும் எங்களுக்குள் ஒரு பேச்சு. ஒரு நாள்கூட இன்னும் விடுபடவில்லையே, இப்படி இந்த நிலையத்தில் பதிவானதே இல்லையே என்று.

மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலைப் பூசை முடிந்து நான் மத்தியான வேலைக்கு வந்தேன். அன்றைக்கென்று வானம் துடைத்து வைத்தது போல இருந்தது. வடகிழக்கில் வெகு தூரத்தில் ஒரே ஒரு மேகம், தலை தட்டையாக, கொல்லனின் பட்டறைக்கல் போல. முனியாண்டி அண்ணே கம்பத்தின் மேலேறி காற்றுமானியைச் சரிசெய்துகொண்டிருந்தார். நான் வெள்ளைப் பெட்டியைச் சாத்திவிட்டு நின்றேன். அப்போது கேட்டது. தூரத்து வீட்டில் யாரோ கனமான பெட்டியைத் தரையில் இழுப்பது போல ஒரு சத்தம். கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. காதில் பாதி, நெஞ்சில் பாதி.

"அண்ணே, இடி கேட்டுச்சா?"

"வெயில் மண்டையப் பொளக்குது, இடியாம். அது போர்ட்டுக்குப் போற கன்டெய்னர் லோரிம்மா. உங்க வீட்டுக்காரரா இருக்கும், கை காட்டுங்க."

நான் இடி என்று எழுதினேன். நேரம், வடகிழக்கு, தூரம்.

மாதம் முடிந்தது. மற்ற நாள்களில் யாருக்கும் சந்தேகமில்லை. அந்த ஞாயிறு ஒன்றுதான். தலைமையகத்திலிருந்து புவான் சல்மாவுக்குப் போன் வந்தது. ஒரு மாதம் முழுக்க இடி என்று அதிகாரப்பூர்வப் பதிவில் ஏறப்போகிறது, அதனால் நன்றாகச் சரிபார்த்துவிட்டு அனுப்புங்கள் என்றார்கள். அவர்கள் கேட்டது நியாயம். யாராயிருந்தாலும் கேட்டிருப்பார்கள்.

புவான் என்னை அறைக்குக் கூப்பிட்டார். முகத்துக்கு நேரே உட்கார வைத்ததால் அவர் பேசியது அன்று எனக்கு விளங்கியது.

"இத நீங்க கேட்டீங்களா?"

"கேட்டேன் புவான்."

"முனியாண்டி கேக்கல. அன்னிக்கு இந்த அறையில நானும் இருந்தேன். நானும் கேக்கல."

"ஆமா புவான்."

"டெலிபோன் உங்களுக்குக் கேக்காது. ரெண்டு அடியில நான் கூப்பிட்டா கேக்காது. மலைக்கு அந்தப் பக்கம் இடிச்சா கேக்குது."

அவர் பேனாவை மூடி மேசையில் வைத்தார்.

"புஸ்பா, இது ஒரு நாள் விஷயம் இல்ல. உங்க காது சரியில்லன்னா உங்கள வெளிய அனுப்ப முடியாது. உள்ள ஃபைல் வேலைதான். அது மட்டும் இல்ல. இத்தன வருஷமா நீங்க எழுதின ஒவ்வொரு இடிக்கும் பக்கத்துல நான் கேள்விக்குறி போடணும். எனக்கு அது பிடிக்கல. ஆனா போடணும்னா போடுவேன்."

வெளியே வந்து புல்வெளியைப் பார்த்தேன். வெயிலிலும் மழையிலும் அந்தப் புல்வெளியில் நின்ற காலமெல்லாம் கண்முன் வந்தது. பிள்ளைகளை வயிற்றில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அதெல்லாம் சந்தேகம் என்றால் நான் என்ன வேலை செய்தேன்?

வீட்டில் சவரிமுத்து கேட்டுவிட்டு, "தப்பா கேட்டுட்டேன்னு சொல்லிட்டு அந்த வரிய அடிச்சு விடு லா. ஒரு நாள் இடிதானே. இடிக்கு என்ன கோவமா வரப்போவுது?" என்றார்.

"கேட்டத கேக்கலன்னு எப்படிங்க சொல்றது?"

சோற்றைப் பிசைந்தபடியே சொன்னார், "அப்பச் சொல்லாத. நாளைக்கு லோரியில போகும்போது உனக்காக ஒரு செபமாலை சொல்றேன்."

நானும் செபித்தேன். எனக்கு ஜெயம் கொடு என்று கேட்கவில்லை. மாதாவே, நான் கேட்டது இடி இல்லையென்றால் அதை எனக்கே முதலில் தெரியப்படுத்து என்று கேட்டேன்.

வேறொரு தலைவராக இருந்தால் அந்த ஒரு வரியில் கோடு போட்டுவிட்டு வேலையைப் பார்த்திருப்பார். புவான் சல்மா அப்படிச் செய்யவில்லை. மே மாதமும் இடி விடாமல் வந்துகொண்டிருந்தது. அதை அவர் பயன்படுத்திக்கொண்டார். கட்டடத்தின் மூன்று வாசல்களில் மூன்று நாற்காலி போடச் சொன்னார். முன்வாசலில் அவர், பின்வாசலில் நான், பொருள் அறை வாசலில் முனியாண்டி அண்ணே. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. மூவரின் கைக்கடிகாரத்தையும் ஒன்றாகத் திருப்பி வைத்தோம். இடி கேட்டால் நேரமும் திசையும் எழுத வேண்டும், பேசக் கூடாது. மின்னல் கிட்டே வந்தால் எழுந்து உள்ளே போய்விட வேண்டும்.

"பரீட்சை எழுதி எத்தன வருஷம் ஆச்சு" என்றார் முனியாண்டி அண்ணே. "காப்பியடிக்கக்கூட வழியில்லாம உக்கார வச்சிட்டாங்களே."

சில மத்தியானங்கள் இப்படிப் போயின. பிறகு ஒரு நாள் புவான் மூன்று தாள்களையும் மேசையில் பக்கம் பக்கமாக வைத்து, மேலே அடிக்கோலை வைத்து, ஒவ்வொரு நேரமாக இறக்கிக்கொண்டே வந்தார். கிட்டே இடித்தது மூன்றிலும் இருந்தது. தூரத்து இடி பல என் தாளில் மட்டும்.

அண்ணே எட்டிப் பார்த்தார். "மேகம் இருமினாக்கூட எழுதியிருக்காங்களே."

புவான் சிரிக்கவில்லை. என் தாளில் மட்டும் இருந்தவற்றைத் தனியாகக் குறித்து, அந்த நேரங்களின் ரேடார் படங்களை வரவழைத்தார். ரேடார் மழையைத்தான் காட்டும், இடியைக் காட்டாது. ஆனால் நான் சொன்ன நேரத்தில், நான் சொன்ன திசையில், ஒரு மழைமேகம் இருந்ததா இல்லையா என்று காட்டும். படங்கள் வந்ததும் என்னையும் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். நான் குறித்த திசையில் எல்லாவற்றிலும் மேகம் இருந்தது. கடைசியாக அந்த ஞாயிற்றுக்கிழமைப் படம். வடகிழக்கில், மலையோரம், சின்னதாக ஒரு சிவப்புப் பொட்டு.

அதை வெகு நேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "இடி கேக்குது. டெலிபோன் கேக்கல. இது எனக்குப் புரியல. வாங்க, டாக்டர்ட்ட போவோம்" என்றார்.

தன் சொந்தக் காரில் அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். கண்ணாடி அறையில் உட்கார வைத்து, காதில் ஹெட்போன் மாட்டிவிட்டு, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். கொஞ்ச நேரம் அழுத்தினேன். பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. சோதனை முடிந்துவிட்டது போலும் என்று நினைத்து உட்கார்ந்திருந்தேன். முடியவில்லையாம், சத்தம் வந்துகொண்டேதான் இருந்ததாம்.

காது டாக்டர் கனத்த குரல்காரர். அவர் சொன்னது எனக்கு ஒரு சொல் விடாமல் விளங்கியது. ஒரு தாளில் கோடு ஒன்று காட்டினார். இடப்பக்கம் நேராக வந்து, திடீரென்று மலைச்சரிவு போலக் கீழே விழுந்தது.

"சின்ன வயசுல நெஞ்சு நோய்க்கு ஊசி போட்டீங்களா?"

"போட்டேன் டாக்டர். ரொம்ப நாள்."

"அதுல சிலருக்கு இப்படி ஆகும். கீச்சுக் குரல், மெல்லிசான சத்தம், மணி, டெலிபோன், கெட்டில் விசில், இதெல்லாம் போயிடும். தாழ்ந்த சத்தம் எல்லாருக்கும் போல நல்லா கேக்கும்." பக்கத்தில் இருந்த புவானிடம் திரும்பினார். "நமக்குக் குருவி, பூச்சி, ஃபேன்னு எல்லாம் சேர்ந்து விழுது. இவங்களுக்கு அந்தத் தொந்தரவு இல்ல. மிச்சம் இருக்கறதுல இடி தெளிவா விழுது."

நான் உடனே நினைத்தது வேலையைப் பற்றி அல்ல. பூசையில் நற்கருணையை உயர்த்தும்போது பீடத்தில் சின்ன மணி அடிப்பார்களே, அதை எங்கள் கோவிலில் எப்போதோ நிறுத்திவிட்டார்கள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஏன் நிறுத்தினார்கள் என்று பங்குச்சாமியாரிடம் கேட்க வேண்டும் என்றுகூட ஒரு தடவை நினைத்ததுண்டு. அந்த மணி ஒவ்வொரு ஞாயிறும் அடித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. அங்கேயே அழுதுவிட்டேன்.

புவான் சல்மா கைப்பையிலிருந்து டிஷ்யூ எடுத்துக் கொடுத்தார். பிறகு டாக்டரிடம் மெதுவாக ஏதோ கேட்டார். டாக்டர் சொன்ன பதிலிலிருந்துதான் கேள்வி என்னவென்று எனக்குத் தெரிந்தது.

"ஆமா புவான். உங்க மாதிரிக் குரல்தான் இவங்களுக்கு ரொம்பக் கஷ்டம்."

திரும்பி வரும்போது சிக்னலில் வண்டி நின்றது. புவான் என் பக்கம் திரும்பி, தொண்டையைக் கனைத்து, கிணற்றுக்குள்ளிருந்து வருவது போன்ற ஒரு குரலில், "புஸ்பா, இப்படிப் பேசினா கேக்குதா?" என்றார்.

கேட்டது. அழுத கண்ணோடு சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகு அங்கிருந்து மாற்றலாகிப் போகும் வரை என்னிடம் அந்தக் குரலில்தான் பேசினார், முகத்துக்கு நேரே வந்து நின்று. "என்னம்மா, புவான் உங்ககிட்ட மட்டும் போலீஸ்காரர் மாதிரிப் பேசுறாங்க" என்று முனியாண்டி அண்ணே கேலி செய்வார். கேலி செய்த அவர்தான் புவான் சொன்னபடி டெலிபோனோடு ஒரு சிவப்பு விளக்கை இணைத்துக் கொடுத்தார். மணி அடித்தால் விளக்கு எரியும். எனக்காக இவ்வளவு செய்த மனிதர்களை ஒரே கூரையின் கீழ் சேர்த்து வைத்த ஆண்டவருக்கு எப்படி நன்றி சொல்வேன்? ஒன்றை எடுத்துக்கொண்டார், என் வேலைக்கு எது தேவையோ அதை விட்டுவைத்தார். அது எனக்குப் போதும்.

தலைமையகத்துக்குப் புவான் எழுதியதை எனக்கும் வாசித்துக் காட்டினார். வாசல் சோதனை, ரேடார், டாக்டர் சொன்னது எல்லாம் அதில் இருந்தது. கவனிப்பாளர் கேட்டது இடி, பதிவு நிற்கட்டும் என்று முடித்திருந்தார். அவர்களும் ஒத்துக்கொண்டார்கள். அந்த ஏப்ரல் முழுமையாக அதிகாரப்பூர்வப் பதிவில் ஏறியது. என் பழைய இடி ஒன்றின் பக்கத்திலும் கேள்விக்குறி விழவில்லை.

அதற்குப் பின் வந்த ஒரு மத்தியானம். நான் வெள்ளைப் பெட்டியருகே நின்றிருந்தேன். மேற்கே கடல் பக்கம் வானம் லேசாக மங்கியிருந்தது. புவான் சல்மா அறையிலிருந்து வந்து என் எதிரே நின்றார்.

"இருக்கா?" என்றார், அந்தக் கிணற்றுக் குரலில்.

"இருக்கு புவான். மேற்கே. இப்பத்தான்."

அவர் கடல் பக்கமாகத் தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, நெடுநேரம் நின்றார். பிறகு கண்ணைத் திறந்து, இல்லை என்று தலையை ஆட்டினார். நான் நேரத்தையும் திசையையும் எழுதி, தாளை நீட்டினேன். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, நான் எழுதியதற்கு நேரே, சரிபார்த்தவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டார்.